காலியாகக் கிடந்த பின் பெஞ்சுகள்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கணக்கு டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், நெருக்கடியான தெருவில் இருந்த அரசுப் பள்ளி அது. ஜன்னலைத் திறந்தால் ஹாரன் சத்தம், மூடினால் புழுக்கம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அவளுக்குத் 'தவளை' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வைத்தவள் 'ரேடியோ', வாயை மூடவே தெரியாத பெண்.

மழைக்காலம் முடிந்த சமயம், பின் பெஞ்சில் ஒருத்தியின் தலையில் மண் உதிர்ந்தது. டீச்சர் அண்ணாந்து பார்த்தாள். மேற்கூரைக் காரை வயிறு உப்பினாற்போல் இறங்கியிருந்தது. தலைமை ஆசிரியையிடம் ஓடினாள்.

"நான் வந்த நாள்லேருந்து அது அப்படித்தாம்மா இருக்கு. எழுதி எழுதிக் கை ஓஞ்சு போச்சு. வேற ரூம் எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்க."

டீச்சர் பின் பெஞ்சுகளைக் காலி செய்து எல்லாரையும் முன்னால் திணித்தாள். முழங்கை பட்டால் சண்டை, முடியைப் பிடித்தால் அழுகை. பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து முறைத்துவிட்டுப் போனார். வீட்டில் கணவனும், "வேலை இன்னும் நிரந்தரமாகல. எல்லாரும் சும்மா இருக்காங்க, உனக்கு மட்டும் என்ன?" என்றான். அவளுக்கும் உள்ளூர உதறல்தான்.

மேலதிகாரி பார்வையிட வருவதற்கு முந்தின நாள் தலைமை ஆசிரியை கூப்பிட்டார். "நாளைக்குப் பிள்ளைங்க எல்லாம் பழையபடி அவங்கவங்க பெஞ்சுல இருக்கணும். உங்களைப் பத்தி எழுதப் போறவ நான்தான், ஞாபகம் இருக்கட்டும்."

மறுநாளும் பின் பெஞ்சுகள் காலியாகவே கிடந்தன.

"என்னம்மா இது, ஆட்டு மந்தை மாதிரி?" என்றார் அதிகாரி. டீச்சர் அவசரமாக மேலே கை காட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே போய் அந்தக் காரைக்கு நேர் கீழே நின்றார்.

"இதோ நிக்கறேன். விழட்டும் பாக்கலாம்!"

"வேணாம் சார், வந்துடுங்க!" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தே விட்டாள். ஒன்றும் விழவில்லை. வகுப்பு கொல்லென்று சிரித்தது. சாயங்காலமே விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

அடுத்த வாரம் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். திரும்புவதற்குள் பின்பாதி அறை புழுதியில் மறைந்துவிட்டது.

"வெளிய ஓடுங்க! எல்லாரும் வெளிய!"

வராந்தாவில் நிறுத்தித் தலையை எண்ணினாள். ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினாள். ரேடியோவைக் காணோம்.

"பென்சில் பின்னால உருண்டு போச்சுன்னு சொல்லிட்டிருந்தா டீச்சர்" என்று விம்மினாள் ஒருத்தி.

டீச்சர் உள்ளே பாய்ந்தாள். பெயர்ந்து கிடந்த காரைத் துண்டுகளை வெறும் கையால் புரட்டினாள். நகம் பிய்ந்தது தெரியவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒரு நிமிஷம் சும்மா இருக்காத பிள்ளையிடமிருந்து பதிலே இல்லை.

"டீச்சர், யாரைத் தேடறீங்க?"

வாசலில் ரேடியோ, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடி. கேட்காமல் கொள்ளாமல் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறாள். திட்ட வாயெடுத்த டீச்சருக்கு அழுகைதான் வந்தது.

தலைமை ஆசிரியை மூச்சிரைக்க வந்தார். "பிள்ளைங்க?"

"எல்லாரும் இருக்காங்க மேடம்."

அவர் காலி பெஞ்சுகளைப் பார்த்தார். ஒன்றின் முதுகு இரண்டாகப் பிளந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ஆசிரியர்கள் அறையைக் காலி செய்து ஏழாம் வகுப்புக்குக் கொடுத்தார். கடிதத்துக்கு விளக்கத்தை அதன்பின் யாரும் கேட்கவில்லை. வேலையும் நிரந்தரமானது. வருஷம் முடியும்வரை மற்ற ஆசிரியர்கள் வராந்தாவில் நின்றுகொண்டே டீ குடித்தார்கள். சில பேர் கணக்கு டீச்சரோடு பேசவில்லை.