பச்சைச் சீட்டுச் சுவர்

கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம் வந்து, கொச்சியின் தோப்பும்படிப் பாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மட்டாஞ்சேரி வீட்டுக்குத் திரும்பிப் போகிற ஆள் நான். அடுப்பு ஒருநாளும் எரிந்துகொண்டிருந்ததில்லை. அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். இப்படிப்பட்டவளிடம்தான் எறணாகுளத்தில் எழும்பும் பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் மாடலை ஒப்படைத்திருந்தார்கள். தூண், பீம், குழாய், வயர் என்று கட்டடம் முழுவதும் முதலில் என் திரையில் எழும்பும். அதைப் பார்த்துத்தான் சைட்டில் கட்டுவார்கள்.

போதாக்குறைக்கு, எங்கள் மேனேஜருக்கு 'லீன்' முறைமேல் பெரிய பிரியம். சைட்டில் எதையும் சேர்த்து வைக்கக் கூடாது. ஏசி காற்று போகும் தகரக் குழாயான டக்ட், இடக்கொச்சிப் பட்டறையில் மாடலின் அளவுப்படி தயாராகி, மாட்டுகிற நாளன்றுதான் லாரியில் வரும். திங்கள்தோறும் எல்லாரும் சுவர் முன்னால் நிற்போம். இந்த வார வேலையை முடிப்பேன் என்பவர் பச்சைச் சீட்டு ஒட்டலாம். சந்தேகம் இருந்தால் சிவப்பு. சிவப்பு ஒட்டினால் வேலை நிற்கும், யாரும் திட்டக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் நம்மூரில் அத்தனை பேர் முன்னால் முடியாது என்று யார் சொல்வார்கள்? "குழப்பமில்ல சாரே", அதாவது ஒரு பிரச்சினையும் இல்லை என்று பச்சையை ஒட்டிவிட்டுச் சாயா குடிக்கப் போய்விடுவார்கள்.

அந்தத் திங்கள் எனக்கு ஒரு சந்தேகம். மறுநாள் மூன்றாம் மாடியில் கான்கிரீட். பீம்களுக்கான பலகை அடைப்பில் குழாய் போக ஓட்டை விட்டிருந்தார்கள். சைட்காரர்கள் கையில் இருந்தது மாடலின் கடைசித் திருத்தம்தானா? ஓட்டை இடம் மாறிக் கான்கிரீட் இறுகிவிட்டால் பீமை உடைக்கவா முடியும்? சிவப்பை ஒட்டினேன். மறுநாளைக்குச் சொல்லியிருந்த கான்கிரீட் வண்டிகளை வரவேண்டாம் என்றார்கள். மதியம்வரை சரிபார்த்தோம். எல்லாம் சரியாகவே இருந்தது. வழக்கம்போல அடுப்பு எரியவில்லை.

"குட். இப்படித்தான் கேக்கணும்," என்றார் மேனேஜர், என் முகத்தைப் பார்க்காமல். பின்னால் யாரோ சிரித்தார்கள். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

எல்லாரும் கலைந்த பிறகு ஒருவர் மட்டும் நின்றார். ஏசி வேலையைக் கவனிக்கும் பாலக்காட்டுத் தமிழர். சேட்டா என்றுதான் கூப்பிடுவேன். தன் பச்சைச் சீட்டைச் சுவரிலிருந்து பிய்த்தார்.

"மோளே, எனக்கும் ஒரு சம்சயம் உண்டு. ஆபரேஷன் தியேட்டர் டக்ட், நாளைக்குக் கான்கிரீட் போட இருந்த அந்தப் பீமுக்குக் கீழ போகுமா?"

"மாடல்ல போகுதே சேட்டா."

"வெறும் டக்ட் போகும். குளிர் வெளிய போகாம மேல பஞ்சு சுத்தணுமே. நாங்க தந்த டிராயிங்ல அதைக் காட்டல."

திரையில் பஞ்சின் தடிமனையும் சேர்த்தேன். டக்ட் பீமில் இடித்தது.

"எப்போ தோணிச்சு சேட்டா?"

"போன வாரம். எல்லாரும் பச்சை ஒட்டறப்போ நான் மாத்திரம் எப்படி..."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அடுத்த நொடியே இன்னொன்று உறைத்தது. கான்கிரீட் போடாததால் பீமை மாற்ற இன்னும் வழியிருந்தது. என் வீண் பயம் மட்டும் இல்லாமலிருந்தால் மறுநாள் அந்த வழியும் அடைபட்டிருக்கும்.

சுவரைப் பார்த்தேன். என்னுடையதைத் தவிர அத்தனையும் பச்சை.

"சேட்டா, வேற யாருக்காவது இப்படி ஏதாவது சம்சயம்...?"

அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"குழப்பமில்ல மோளே," என்றார்.