ஐந்தெழுத்து, நான்காவது இசட்

சாந்த் பாஷாவின் நோட்டு நீளமானது, கெட்டி அட்டை போட்டது. முதல் பாகம் நாலெழுத்து இங்கிலீஷ் வார்த்தைகள். அடுத்தது ஐந்தெழுத்து, அதற்கடுத்தது ஆறு. ஒவ்வொரு பாகத்துக்குள்ளும் க்யூ வருகிறவை தனி, எக்ஸ் வருகிறவை தனி, இசட் வருகிறவை தனி. எதிரே அர்த்தம். எந்த மொழியில் முதலில் வாயில் வந்ததோ அந்த மொழியில் எழுதியிருக்கும். தமிழ், கன்னடம், தெலுங்கு, எல்லாம் தமிழ் எழுத்திலேயே. குறுக்கெழுத்துப் போடுகிறவனுக்கு வார்த்தையின் முதலெழுத்து தெரியாது. எத்தனை கட்டம், நடுவில் எந்த எழுத்து மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் தெரியும். அகராதி அதற்கு உதவாது. அதனால் பாஷா தனக்கென்று ஒன்றைச் செய்துகொண்டார்.

ஊத்தங்கரையில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, இங்கிலீஷில் மட்டும் தவறியவர் அவர். எழுபத்தெட்டில் ஓசூருக்கு வந்து, லாரிக்குப் பல்சக்கரம் செய்யும் ஒரு கம்பெனியில் கிரைண்டிங் மெஷினில் நின்றார். அதே மெஷினில் அடுத்த ஷிப்டுக்கு நின்றவர் கெலமங்கலத்து வெங்கடப்பன். விவசாயக் குடும்பம், பி.யூ.சி. படித்தவர், வீட்டில் தெலுங்கு. ஒருவர் போக மற்றவர் வந்து மெஷினைப் பிடிக்கும் ரிலீவர்கள். ஒரு நாளில் அவர்கள் சேர்ந்து நின்றது ஷிப்டு மாறும் பத்து நிமிஷம் மட்டும்தான்.

பெங்களூரிலிருந்து ஆபீசுக்கு வரும் இங்கிலீஷ் பேப்பர் மறுநாள் செக்யூரிட்டியிடம் வந்து சேரும். அதன் குறுக்கெழுத்தை முதல் ஷிப்டுக்காரர் பாதி போட்டு, மெஷின் டிராயரில், அளவு பார்க்கும் வெர்னியருக்கு அடியில் மடித்து வைப்பார். மீதியை இரண்டாம் ஷிப்டுக்காரர் முடிப்பார். பாஷா பேனாவில், வெங்கடப்பன் பென்சிலில். தெரியாத வார்த்தையை மற்றவர் நோட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி.

இசட் பக்கத்தில் முதல் வார்த்தை மெய்ஸ். வெங்கடப்பன் சொல்லிக் கொடுத்தது. பாஷா எதிரே மக்காச்சோளம் என்று எழுத, அவர் நோட்டைப் பிடுங்கி, "எங்க ஊரு பக்கம் வந்து கேளு பாய், கன்னடத்துல முசுக்கின ஜோளம்பாங்க," என்று அதையும் பக்கத்தில் எழுதினார்.

வீட்டில் மனைவி ஃபகருன்னிசா கேட்பாள்: "இப்படி எழுத்தெண்ணிக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, இதுக்குக் கம்பெனியில ஓவர்டைம் தராங்களா?"

"தந்தா உனக்கு வளையல் போட மாட்டேனா?"

"போதும். நீங்க வார்த்தையே போடுங்க."

எட்டு வருஷம் இப்படி ஓடியது. எண்பத்தேழில் வேலை நிறுத்தம் வந்தது. நாற்பதாவது நாள் காலையில், டிபன் பாக்ஸைக் கையில் பிடித்தபடி, வெங்கடப்பன் கேட்டைத் தாண்டி உள்ளே போனார். கூட்டம் கூச்சல் போட்டது. அதோடு சேர்ந்து கத்தியிருந்தால் யார் குரல் என்று தெரிந்திருக்காது. கூச்சல் அடங்கிய பிறகு பாஷா தனியாகக் கத்தினார்.

"ஒரே மெஷின்ல நின்னவன்டா நீ! கருங்காலி!"

வெங்கடப்பன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

பதினோரு நாள் கழித்து ஒப்பந்தம் ஆயிற்று. எல்லாரும் உள்ளே போனார்கள். பாஷா டிராயரைத் திறந்தார். வெர்னியர் இருந்தது, எண்ணெய்த் துணி இருந்தது. பேப்பர் இல்லை. ஷிப்டு மாறும்போது வெங்கடப்பன், "கிரைண்டிங் வீல் சரி பண்ணியிருக்கு. அளவு பாத்துக்குங்க," என்றார். எட்டு வருஷமாக நீ, பாய் என்று கூப்பிட்ட வாய்.

அந்த வாரமே ஃபகருன்னிசா தண்ணீர்க் குழாயடியிலிருந்து சேதி கொண்டுவந்தாள். குடத்தை இறக்கிவைத்துவிட்டுத்தான் சொன்னாள். "வெங்கடப்பன் சம்சாரம் ருக்மணி பெங்களூர் ஆஸ்பத்திரியில கெடந்துதாம். வேலையில இருக்கார்னு அங்க கம்பெனி லெட்டர் கேட்டாங்களாம். வேலைக்கு உள்ள போனாத்தான் லெட்டர்னு கம்பெனியில சொல்லிட்டாங்களாம். உங்களுக்குத் தெரியுமா?"

பாஷாவுக்குத் தெரியாது. கத்துவதற்கு முன் கேட்கவும் இல்லை.

மறுநாளிலிருந்து அவர் பேப்பரைப் பாதி போட்டு டிராயரில் வைக்கத் தொடங்கினார். சனிக்கிழமை வரை ஒவ்வொரு நாள் காலையிலும் அது அப்படியே இருந்தது. மடிப்புக்கூடக் கலையவில்லை.

மறுநாள் ஞாயிறு, லீவு. பாஷா ஒரு கிராஃப் தாளை எடுத்து, ஸ்டீல் ஸ்கேலால் கட்டம் போட்டு, சொந்தமாக ஒரு குறுக்கெழுத்துச் செய்ய உட்கார்ந்தார். நோட்டில் வெங்கடப்பன் கையெழுத்தில் இருந்த வார்த்தைகளை மட்டும் பொறுக்கினார். ஆறெழுத்து ஒன்றுக்குக் குறுக்கே க்யூ உள்ள ஐந்தெழுத்து வேண்டும். பக்கத்தைத் திருப்பினால் கிடைத்தது. ஒன்று பொருந்தினால் மூன்று முட்டியது. அழித்து அழித்துத் தாள் இரண்டு முறை கிழிந்தது. சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது ஃபகருன்னிசா டீ கொண்டுவந்து வைத்து எட்டிப் பார்த்தாள்.

"தப்பு நம்மளுதுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இத்தன வார்த்தயா?"

"அந்த ஒண்ணு வாய்ல வரலையே."

அவள் கிழிந்த தாள்களைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

பொழுது சாயும்போது கட்டம் முழுக்க நிரம்பியது, ஐந்து கட்டத்தைத் தவிர. அதற்குக் குறிப்பு இப்படி எழுதினார்: சோளம். ஐந்தெழுத்து. நான்காவது இசட்.

திங்கள் ஷிப்டு முடிந்ததும் அதை டிராயரில் வைத்துவிட்டு வந்தார். செவ்வாய்க் காலை ஏழு மணிக்குத் திறந்தார். தாளே இல்லை. கிழித்துப் போட்டிருக்கலாம். குப்பைத் தொட்டியையும் ஒருமுறை பார்த்தார். அன்று இரண்டு சக்கரம் அளவு தப்பிப்போய், சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினார்.

மூன்றரைக்கு வெங்கடப்பன் வந்தார். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து மெஷின் மேல் விரித்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்து, நின்றபடியே ஐந்து எழுத்தையும் போட்டார்.

"இதுகூடத் தெரியாதவன்னு நெனச்சுட்டியா பாய்?"

"தெரியும்னுதாம்ப்பா விட்டேன்."

வெங்கடப்பன் இன்னொரு கட்டத்தைப் பென்சிலால் தட்டினார். "இதென்ன, குவில்ட்டுன்னா போர்வைன்னு எழுதியிருக்க? பஞ்சு வெச்சுத் தைக்கணும்யா. உங்க வீட்ல ரஜாய்ங்கிறீங்களே, அது. எத்தன தடவ சொல்றது?"

"மாத்திடறேன்." பாஷா கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "ருக்மணி இப்ப எப்படி இருக்குது? எனக்கு அன்னிக்குத் தெரியாது வெங்கடப்பா. தெரியாமலே கத்திட்டேன்."

"தெரிஞ்சிருந்தா கத்தியிருக்க மாட்டியா?"

பாஷா யோசித்தார். "அன்னிக்கு இருந்த கோவத்துல, கத்தியிருப்பேனோ என்னவோ."

வெங்கடப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உண்மையச் சொல்றியே. எழுந்து நடக்குது. ஞாயித்துக்கெழம உங்க வீட்டம்மாவக் கூட்டிக்கிட்டு வா, பாத்துட்டுப் போங்க. இப்ப நகரு, வீல் சத்தம் போடுது."

அன்று பாஷா கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டார். தாளை எடுத்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடந்தே வீட்டுக்கு வந்து, முதல் வேலையாகக் கோந்து கேட்டார். நோட்டின் பின்னட்டையில் அந்தத் தாள் இன்னும் ஒட்டியிருக்கிறது. பேனா மை வெளுத்துவிட்டது. பென்சிலில் போட்ட ஐந்து எழுத்தும், ஓரத்தில் பதிந்த எண்ணெய்க் கட்டைவிரல் ரேகையும் அப்படியே இருக்கின்றன.