பக்கத்து வீட்டுக்காரரின் மஞ்சள் கோட்டை

நாங்கள் குடியேறிய எப்சம் என்ற புறநகரில் அக்கா தன் வீட்டுக்கு மஞ்சள் நிறம் பூசுவித்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் வேலியருகே வந்து நின்று வருத்தப்பட்டார். ஓய்வுபெற்ற வழக்கறிஞர், கோபப்படுவது அவர் வழக்கமில்லை. "இந்தத் தெருவுக்கென்று ஒரு பண்பு இருக்கிறது" என்றார். அத்தான் தலையாட்டினார். வெள்ளைக்காரர் யாராவது பண்பு என்றால் அத்தானுக்குத் தலை தானாக ஆடும்.

ஸ்கொட்லாந்தில் பக்கத்து வீட்டுக்காரருடைய முன்னோரின் கோட்டையை உறவினர்கள் சேர்ந்து புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். அகழி, யானை எல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். தளத்துக்கு ஓர் அறையாக அடுக்கிய உயரமான கல் வீடு. மாடு திருட வருபவர்களிடமிருந்து தப்பி உள்ளே ஓடிக் கதவைச் சாத்தக் கட்டியது. மாடு திருடிக்கொண்டு வந்தும் சாத்தலாம். பிற்காலத்தில் கூரை இருந்தால் வரி என்றார்கள். குடும்பம் கூரையைக் கழற்றிவிட்டது. அதன்பின் மழையும் ஆடுகளும் குடியிருந்தன. அந்த இடிபாட்டின் படம், எங்கள் வீட்டில் மாதா படம் தொங்கும் உயரத்தில் அவர் வரவேற்பறையில் தொங்கியது. "வெறும் கல்லின் சாம்பல் நிறம். அதுதான் கண்ணியம்" என்பார்.

அக்காவுக்கு இந்த நாட்டில் தன் விருப்பப்படி நடந்த காரியங்கள் அதிகமில்லை. மஞ்சள் அவற்றில் ஒன்று. அத்தான் சில வாரம் பொறுத்துவிட்டு, ஒடாஹுஹு கடைத்தெருவுக்குப் போய்ச் சாம்பல் பெயின்ட் வாங்கிவந்தார்.

"ஆர் உங்களிட்டக் கேட்டது?"

"அயலட்டையோட ஒத்துப்போக வேணுமெல்லே."

"அப்ப அவரையே கட்டியிருக்கலாம்."

சாம்பல் பூசப்பட்டது. மழைநாளில் வீடு எது வானம் எது என்று தெரியாத அளவுக்குக் கண்ணியம். அக்கா அத்தானோடு கதைப்பதை நிறுத்தினார். சோறு மட்டும் மேசைக்கு வந்தது.

கோட்டை வேலை முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் போனோடு ஓடிவந்தார். முன்பு கூரையைத் தாங்கிய கல்விளிம்பின் கீழ் நிபுணர்கள் பழைய பூச்சைக் கண்டுபிடித்தார்களாம். கட்டிய காலத்தில் கோட்டை முழுக்கச் சுண்ணாம்பு பூசி நிறம் தீட்டியிருந்ததாம். பூச்சு உதிர்ந்து கல் நனைந்ததைத்தான் எல்லோரும் கண்ணியம் என்று நினைத்திருந்தார்களாம். இப்போது பழையபடியே பூசியாயிற்று.

படத்தில் கோட்டை மஞ்சளாக நின்றது. பத்திரிகையில் வேலை செய்ததால் எதையும் சரிபார்க்கும் பழக்கம் எனக்கு: கராஜிலிருந்து அக்காவின் பழைய மஞ்சள் பெயின்ட் டின் மூடியை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

"என்ன கம்பீரம்!" என்றார் அவர். பிறகு எங்கள் சுவரை ஏறிட்டார். "உங்களுடையது கொஞ்சம் சோர்வாக இருக்கிறதே. ஏன் மாற்றினீர்கள்?"

அத்தான் தலையாட்டினார்.

அக்கா பல நாளுக்குப் பிறகு அத்தானோடு கதைத்தார். "இஞ்சேருங்கோ, ஏணியை எடுங்கோ. அந்த மனுசன் கூரையையும் கழட்டச் சொல்ல முன்னம் மஞ்சளைப் பூசி முடியுங்கோ."

அக்கா என்ன சொல்கிறார் என்று தமிழ் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார். வாழ்த்துச் சொல்கிறார் என்றேன். அத்தான் ஏணி எடுக்கப் போய்விட்டார்.