மணலில் நான்கு விரல்

அந்தச் சீப்புக்கு ஏழு பல். ஆள் உயரக் கம்பின் நுனியில் தேக்குப் பலகையை வைத்து, அதில் முளை முளையாக ஏழு பற்களை அறைந்து தச்சர் செய்துகொடுத்தது. மணலைச் சீவுவதற்கான சீப்பு. மேனேஜர் அதற்கு ஜப்பான் மொழியில் ஒரு பெயர் சொன்னார். எங்களில் யார் வாயிலும் அது நுழையவில்லை. சீப்பு என்றே சொல்லிக்கொண்டோம். அதைப் பிடித்துப் பிடித்து என் வலது உள்ளங்கையில் வந்த காய்ப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

ரங்கூனில் போட்டாதாங் ஜெட்டிக்குப் பக்கத்தில், இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் நான் பியூனாக இருந்தேன். ராணுவ ஆட்சியை எதிர்த்து மாணவர்கள் கிளம்பிய எண்பத்தெட்டுக் கலவரம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கட்டடத்தின் பின்புறம் உடைந்த பெட்டிகளும் டீசல் பீப்பாய்களும் கிடந்த ஒரு முற்றம். புதிதாக வந்த ஜப்பான் மேனேஜர் காலண்டரிலிருந்து கிழித்த ஒரு படத்தைக் காட்டி, இதே மாதிரி இங்கே வேண்டும் என்றார். படத்தில் மணலும் கல்லும்தான் இருந்தன. பூ இல்லை, புல் இல்லை. மணல்தான் தண்ணீர், கல்தான் மலை, பார்த்தால் மனம் அடங்கும் என்று அரைகுறைப் பர்மிய மொழியில் சொன்னார்.

சனிக்கிழமைகளில் அரை நாள் வேலை முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து அதைக் கட்டினோம். ஆற்று மணலைப் படகிலிருந்து கூடையில் சுமந்து வந்து, கறுப்புப் போகும்வரை கழுவினோம். டிரைவர் பாய், நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், வாய் ஓயாத மனிதர், கூடைக்குக் கூடை புலம்புவார்.

"மீன் இல்லாத கடல், தண்ணி இல்லாத கொளம். இதக் கட்ட ஆறு பேரு. அல்லா, இந்த ஆளு ஊர்ல கிறுக்குக்கு வைத்தியமே கெடையாதா?"

"பாய், மனசு அடங்குமாம். ஒங்க வாயும் சேந்து அடங்குதான்னு பாப்போம்" என்று டைப்பிஸ்டம்மா சொல்வாள். இடுப்பில் சுற்றிய தமெய்ன் துணியை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு, எங்களுக்குச் சமமாகக் கூடை தூக்கியவள் அவள். அவளுடைய தாத்தா ரயில்வேக்காகத் தஞ்சாவூரிலிருந்து வந்தவர். எண்பத்தெட்டில் காலேஜை மூடியபோது இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அதோடு படிப்பு போனது. என்னைவிட நான்கைந்து வயது இளையவள். படிப்பில் மட்டும் பெரியவள் என்பதால் நான் அவளை 'அம்மா' என்பேன். அவள் என்னை 'அண்ணே' என்பாள்.

கடைசியில் ஐந்து கற்களை வைத்தோம். நான்கு நின்ற கல், ஒன்று தட்டைக் கல். மேனேஜர் மணலை ஒருமுறை சீவிக் காட்டினார். கோடு கோடாக அலை எழும்பியது. அந்த நேரத்தில் பாய்கூடப் பேசவில்லை. இனி தினமும் காலையில் சீவ வேண்டியது நீ என்று சீப்பை என் கையில் கொடுத்தார்.

மேனேஜரும் எதிர்பாராத ஒன்று முதல் நாளிலிருந்தே நடந்தது. அந்த மணலில் இறங்குகிறவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். புத்தர் பகோடா வளாகத்து மணலைச் செருப்போடு மிதித்து யாருக்கும் பழக்கமில்லை. கூட்டிச் சுத்தமாக வைத்த மணலைக் கண்டாலே எங்கள் ஊர்க் கால் தானாகச் செருப்பை உதறும். சமையல்கார அம்மாள் ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டே போவார்.

மூன்று நான்கு மாதம் கழித்து ஒரு காலையில் சீப்போடு போனபோது, நேற்றுச் சீவிய மணலில் தடம் இருந்தது. வெறுங்கால். ஓரத்திலிருந்து தட்டைக் கல்வரை போய்த் திரும்பியிருந்தது. இடது தடத்தில் நான்கு விரல்கள்தான் பதிந்திருந்தன. சிறு வயதில் சைக்கார் ரிக்ஷாவின் சக்கரத்தில் மாட்டி டைப்பிஸ்டம்மாவின் இடது கால் சுண்டுவிரல் மேல்நோக்கி வளைந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரியும். கூடை தூக்கிய நாட்களில் அதை வைத்துப் பாய் கேலி செய்திருக்கிறார்.

கல்லைத் தூக்கிப் பார்த்தேன். பிளாஸ்டிக் பையில் சுருட்டிய ஒரு கடிதம். பர்மிய எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். 'அக்கா' என்ற முதல் வார்த்தையோடு நிறுத்திவிட்டுப் பழையபடி வைத்தேன். அவளுக்கு ஒரே தம்பி. எண்பத்தெட்டில் போராளிகளோடு சேர எல்லைக்காட்டுக்கு ஓடிப்போனவன். அவன் எழுத்து கையில் இருந்தால் அதுவே ஜெயிலுக்குப் போதும். வீட்டில் வைக்க முடியாது. வீட்டில் தங்கும் விருந்தாளிக் கணக்குப் பார்க்கிறோம் என்று அரசாங்க ஆட்கள் எந்நேரமும் கதவைத் தட்டி வீட்டைக் குடைவார்கள். வெளிநாட்டுக் கம்பெனிக்குள் அப்படி யாரும் நுழைவதில்லை. எரித்துவிடவும் அவளுக்கு மனம் வந்திருக்காது. சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு, டைப் அடிக்க இருப்பதுபோல் இருந்து, எடுத்துப் படித்துவிட்டுத் திரும்ப வைக்கிறாள் என்று புரிந்தது.

நான் அந்தத் தடங்களைச் சீவி அழித்தேன். அன்றிலிருந்து மற்ற ஆட்கள் வருவதற்கு முன்பே வந்து, முதலில் தட்டைக் கல் பக்கம்தான் போவேன். வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் தடம் இருக்கும். ஏறக்குறைய ஒரு வருஷம் அப்படி நடந்தது. அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பெண்கள் எதிரில் எனக்கு நாக்கு எழாது. இதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நான் அவளுக்குச் செய்யும் உபகாரம் என்றும் நினைத்துக்கொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பங்குனியில் என் அம்மா படுத்த படுக்கையானார். தீமிதிப்பதாக வேண்டிக்கொண்டு இரண்டு நாள் லீவு கேட்டேன். மேனேஜர் உடனே கொடுத்தார். வேறு யாரும் மணலைச் சீவுவதில்லை. நான் இல்லாத இரண்டு நாளும் மணலில் இறங்காதே என்று அவளிடம் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன். கடைசி நாள் மத்தியானம் டீ எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள். கிளாஸை வைத்துவிட்டு நின்றேன். அவள் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சீனி போதுமாம்மா?" என்றேன்.

"போதும்ணே."

இறங்கி வந்துவிட்டேன்.

லீவு முடிந்து போன காலையில் மணலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பூட்ஸ் தடங்கள் அலைகளை மிதித்துக் குழப்பியிருந்தன. தட்டைக் கல் குப்புறக் கிடந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் மணலைத் தட்டிச் சமமாக்கி, மூன்று ஜோடி வெறுங்கால்களை வரிசையாகப் பதியவைத்திருந்தார்கள். மூன்றாவது ஜோடியில் நான்கு விரல்.

பாய் பீப்பாய் மேல் உட்கார்ந்திருந்தார். இரண்டே நாளில் முகம் ஒட்டிப்போயிருந்தது. "நீ லீவு போட்ட மொத நாள் காலைலயே மந்திரி ஆபீஸ்லேர்ந்து பெரியவரு வந்திருந்தாருடா. மேனேஜர் பெருமையா இதக் காட்டக் கூட்டியாந்தாரு. மணல்ல தடம் கெடக்கு, தட்டக் கல்லு சாஞ்சு கெடக்கு. அவருக்கு வெக்கமாப் போச்சு. கல்ல நேரா வைன்னாரு. நான்தான்டா தூக்குனேன். இந்தக் கையாலதான் தூக்குனேன்" என்றார். அடியில் இருந்த கடிதத்தைப் பார்த்த பெரியவர் போன் செய்து உளவு ஆட்களை வரவழைத்திருக்கிறார். அவர்கள் ஆபீஸில் இருந்த மூன்று பெண்களையும் மணலில் நிற்கவைத்துத் தடம் எடுத்திருக்கிறார்கள். அதற்கும் மூன்று பேரும் செருப்பைக் கழற்றிவிட்டே இறங்கினார்களாம்.

"செருப்போட போயி வந்திருந்தா எவன் கண்டுபிடிப்பான்? மெதிச்சது யாருன்னு தெரியாம போயிருக்குமேடா" என்று பாய் தொடையில் அடித்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் அந்த ஆட்களில் இரண்டு பேர் வந்து என்னை விசாரித்தார்கள். தினமும் சீவுகிறவன் நீதானே, இதற்கு முன் தடம் பார்த்ததே இல்லையா? இல்லை என்றேன். படிக்காதவன், பயந்த சுபாவம் என்று மேனேஜர் குனிந்து குனிந்து சொன்னார். நம்பிவிட்டார்கள். அவர்கள் போனதும், சுத்தம் செய்துவிடு என்று மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பூட்ஸ் தடங்களை அழித்தேன். சமையல்கார அம்மாளின் தடத்தை, பாக்கிங் பெண்ணின் தடத்தை அழித்தேன். மூன்றாவது ஜோடியை அழிக்க வெகுநேரம் ஆனது. பாய் வந்து சீப்பைப் பிடுங்கினார். பிறகு அவராகவே திருப்பிக் கொடுத்துவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டார்.

கம்பெனியை மூடும்வரை, இரண்டு வருஷம், தினமும் சீவினேன். அந்த மணலில் அதற்குப் பிறகு யாரும் கால் வைக்கவில்லை.

அவளுக்கு ஏழு வருஷம் போட்டார்கள். விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டும் நான் போய்ப் பார்க்கவில்லை. பசுந்தாங் மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது அவளாகவே வந்து "அண்ணே" என்றாள். பக்கவாட்டுப் பற்கள் போயிருந்தன. தலைமுடி பாதி வெளுத்திருந்தது. தம்பியைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"ஒண்ணு கேக்கணும். நெசத்தச் சொல்லணும்."

"கேளும்மா."

"காலைல சீக்கிரம் வந்து மாடி ஜன்னல்லேர்ந்து பாப்பேன். மத்த எடத்த விட்டுட்டு மொதல்ல என் கால் தடத்தத்தான் சீவுவீங்க. ஒங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். நீங்க இருக்கீங்கன்னுதான் தைரியமா எறங்குனேன். அன்னிக்கு மட்டும் ஏன் விட்டுட்டீங்க? மெரட்டுனாங்களா? மெரட்டிருந்தா சொல்லுங்க. எனக்குக் கோவம் வராது. அந்த எடத்துல யாரா இருந்தாலும் பயப்படுவாங்க."

"லீவும்மா."

"என்னது?"

"ரெண்டு நாள் லீவு. தீமிதி. அம்மாவுக்கு முடியலன்னு வேண்டிக்கிட்டேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் ஒரு கட்டுக் கீரை கேட்டிருந்தாள்; கீரைக்காரி அதை நீட்டியதையும் கவனிக்கவில்லை.

"உள்ள இருந்தப்ப எல்லாத்தையும் நெனச்சுப் பாத்தேண்ணே. காசு வாங்கிட்டீங்கன்னு நெனச்சேன். ஒங்களையும் புடிச்சு அடிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன். லீவுன்னு தோணவே இல்ல." பிறகு, "அம்மா பொழச்சாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. அந்த மழைக்காலத்துலயே போயிட்டாங்க."

தலையை ஆட்டினாள். கீரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். நான் அன்று டீ கொண்டுவந்ததை, நின்றதை, எல்லாவற்றையும் சொல்லிவிட வாயைத் திறந்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணே" என்றாள். குரலில் கோபமே இல்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.