வார்ணிஸ் காயாத கிணற்று மூடி

எங்கள் வீட்டு விறாந்தையில் கிடந்த கதிரைகளில் ஒன்றில் மட்டும் வந்தவர்களை இருத்தக்கூடாது என்று அம்மா எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார். அது ஐயா செய்த கதிரை. பார்வைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. முதுகுச் சட்டத்தில் மாங்காய் வடிவில் செதுக்கு வேலை, கைப்பிடியில் முகம் பார்க்கலாம் போல மினுக்கம். ஆனால் அதன் நாலு கால்களும் ஒரே நேரத்தில் நிலத்தில் நின்றதை நான் கண்டதில்லை. ஒருமுறை ஊர் அலுவல் பார்க்கிற விதானையார் தெரியாமல் அதில் போய் இருந்து, தேத்தண்ணி முழுவதையும் வேட்டியில் ஊற்றிக்கொண்டார். ஐயா அவருடைய வேட்டியைப் பார்க்கவில்லை. கதிரையில் தேத்தண்ணி பட்டுவிட்டதா என்றுதான் குனிந்து பார்த்தார்.

ஐயாவுக்குத் தச்சு வேலை தொழில் அல்ல. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தார். மரவேலை அவருடைய விடுமுறைப் பைத்தியம். கொக்குவிலில் எங்கள் வீட்டு வளவின் பின்பக்கம், மாட்டை விற்ற பிறகு வெறுமையாகக் கிடந்த கொட்டிலைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, வாள், உளி, சீவுளி என்று சுவர் முழுக்கக் கொழுவி வைத்திருந்தார். அந்தப் பைத்தியத்துக்குத் துணை சேர இன்னொருவர் சைக்கிளில் வருவார். அவரும் அதே கந்தோர்தான். நாங்கள் அவரைக் குருநகர் மாமா என்போம். அவருடைய அண்ணன் தம்பிமார் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். மாமா மட்டும் படித்துக் கந்தோருக்கு வந்தவர். இரண்டு பேரும் கொட்டிலுக்குள் புகுந்துவிட்டால் சாப்பாட்டுக்கு மூன்று தரம் கூப்பிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை அரசாங்கம் எடுத்துவிட்டுப் பிறையைப் பார்த்துப் பௌத்தர்களின் போயா விடுமுறை விட்ட காலம் அது. பறுவம் என்கிற பௌர்ணமி, அமாவாசை, இரண்டுக்கும் நடுவில் அட்டமி என்று ஓய்வு நாள் கிழமைக்குக் கிழமை இடம் மாறிக்கொண்டிருந்தது. கத்தோலிக்கரான குருநகர் மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் விடியப் பூசை கண்டுவிட்டு அப்படியே கந்தோருக்கு ஓட வேண்டியிருந்ததால் அரசாங்கத்தைத் திட்டுவார். ஐயாவின் அக்கா, எங்கள் மாமி, அட்டமியில் எந்த வேலையும் தொடங்கக்கூடாது என்று வேறு சொல்லி வைத்திருந்தார். மற்றக் காரியங்களில் மாமி சொல்வதைக் காதிலும் வாங்காத ஐயா, இதை மட்டும் தனக்கு வசதியான நேரத்தில் ஞாபகப்படுத்திக்கொள்வார்.

இவற்றையெல்லாம் சொல்லிச் சிரிக்க எனக்கு இப்போதும் ஆசைதான். ஆனால் எங்கே தொடங்கினாலும் கதை அந்தக் கிணற்றடியில் போய் நிற்கிறது. அங்கே சிரிக்க முடிவதில்லை.

எங்கள் கிணற்றுக் கட்டு முழங்கால் உயரம். பெரியவர்களுக்கு அது வசதி, உயரத் தூக்காமல் வாளியை இழுத்து வைக்கலாம். தம்பி பிறந்து, தவழ்ந்து, எழுந்து நடக்கத் தொடங்கியதும் அம்மாவுக்கு அந்தக் கட்டு கண்ணில் குத்த ஆரம்பித்தது.

"இஞ்சாருங்கோ, ஒரு மேசனைக் கூப்பிட்டு உந்தக் கட்டை உயத்தி விடுங்கோ. ஒரு நாள் வேலை."

மேசன் எதற்கு என்று ஐயா கேட்டார். கட்டை உயர்த்தினால் தண்ணீர் அள்ளுகிறவர்களுக்குக் கை நோகும். மூடி போட்டால் குப்பையும் விழாது, பிள்ளையும் விழாது. தானே செய்து தருகிறேன் என்றார். அன்றைக்கே கடதாசியில் படமும் கீறினார். வட்டமான வேப்பம்பலகை மூடி. ஒரு பக்கத்தில் பிணைச்சல் வைத்த கதவு, ஒரு ஆள் தனியாக நின்று திறக்கலாம். சுற்றிவர விளிம்பில் கொடி வேலை. கிணற்றுக்குக் கொடி வேலை எதற்கு என்று அம்மா கேட்டபோது ஐயா இன்னொரு இலை கீறிக்கொண்டிருந்தார்.

வேம்பு தறிக்கப்பட்டது, பலகையும் அறுக்கப்பட்டது. பிறகு பலகை காய வேண்டும் என்றார் ஐயா. பச்சைப் பலகை வளையுமாம். பலகை காய்ந்துகொண்டிருந்த மாதங்களில் அவரும் மாமாவும் றேடியோவுக்கு ஒரு பெட்டி செய்தார்கள். தம்பி நடந்து முடித்து ஓடவும் பழகிவிட்டான். குருநகர் மாமாவுக்கே மனம் கேட்கவில்லை. "மச்சான், இப்போதைக்கு ரெண்டு தகரத்தைப் போட்டுக் கல்லை வைச்சு விடுவம்" என்றார். ஐயா சிரித்தார். செய்வதை ஒழுங்காகச் செய்ய வேண்டும், தகரம் போட்ட வீட்டில் பிறகு தகரமே நிலைத்துவிடும் என்றார்.

அம்மா காத்திருக்கவில்லை. பழைய சேலை ஒன்றை நீளமாகக் கிழித்து, ஒரு நுனியைத் தம்பியின் இடுப்பிலும் மறு நுனியைக் குசினித் தூணிலும் கட்டிவிட்டுத்தான் சமைப்பார். தம்பி அந்த நீளத்துக்குள் ஓடுவான், விழுவான், தூணைச் சுற்றிச் சுற்றி வந்து தானே சிக்கிக்கொண்டு கத்துவான். வருகிறவர்கள் எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். ஐயாவுக்கு அது பிடிக்கவே இல்லை. "நாய்க்குட்டி மாதிரி ஏன் கட்டி வைக்கிறாய்?" என்பார். மூடியைப் போடுங்கோ, அவிழ்த்து விடுகிறேன் என்பார் அம்மா.

கடைசியில் மூடி முடிந்தது. பொய் சொல்லக்கூடாது, அது அழகான மூடி. கொடி வேலையில் ஒரு இலைகூடப் பிசகவில்லை. ஐயாவும் மாமாவும் அதைக் கொட்டில் வாசலில் சாத்தி வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்கள். பிறகு வார்ணிஸ் பூசினார்கள். முதல் பூச்சு காய ஒரு போயா, மண்தாள் போட்டு உரஞ்சி இரண்டாம் பூச்சுக்கு இன்னொரு போயா. அம்மா பொறுமை கெட்டுப்போய், உள்ளபடியே கொண்டுபோய்ப் போடுங்கோ என்று கத்தினார். "காயாமல் போட்டால் தூசி ஒட்டும். மூண்டாம் பூச்சும் பூசி, காய்ஞ்ச உடனை போடுவம்" என்றார் ஐயா.

மூன்றாம் பூச்சு பூசிய நாள் பறுவம். அம்மாவுக்கு விரதம். என்னைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார். தம்பியின் சேலை நுனியைக் கொட்டில் கப்புத் தூணில் தானே கட்டி, முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார்.

நாங்கள் திரும்பி வந்தபோது வாசல் படலையில் ஆட்கள் நின்றார்கள். எனக்கு வழி விட்டார்கள். அம்மாவுக்கு வழி விடாமல் இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். கிணற்றடியில் குருநகர் மாமா தலை முதல் கால் வரை நனைந்து நிலத்தில் இருந்தார். கிணற்றுக்குள் குதித்தவர் அவர்தான். தம்பி அவருடைய மடியில் கிடந்தான். ஐயா கொட்டில் வாசலில் நின்றார். அவருடைய கையில் வார்ணிஸ் தூரிகை இருந்தது. யாரோ வந்து வாங்கும்வரை அதை அவர் கீழே வைக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் அந்த மூடி, மூன்று பூச்சும் பூசி, வெயிலுக்குச் சாத்தியபடி நின்றது.

நடந்தது பெரிதாக ஒன்றுமில்லை. தம்பி அழுதிருக்கிறான். மரச் சுருள்களை எடுத்து விளையாட அவனுக்கு ஆசை, சேலை எட்டவில்லை. ஐயா பாவம் பார்த்து அவிழ்த்து விட்டிருக்கிறார். இரண்டு பேரும் விளிம்பிலிருந்த கொடிக்கு மெல்லிய தூரிகையால் பூசிக்கொண்டிருந்தார்கள். அது கண்ணெடுக்காமல் செய்ய வேண்டிய வேலை.

"ஏன் அவிட்டனீங்கள்?" என்று அம்மா கேட்டார். அன்று முழுவதும் அதை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு உயிரோடு இருந்த காலம் வரைக்கும் ஒரு தரமும் கேட்கவில்லை.

சிறு பிள்ளை என்றபடியால் தம்பியைப் புதைத்தார்கள். மிஷின் கொண்டுவந்து கிணற்றை வற்ற இறைத்தார்கள். கிணற்றைத் தூர்த்துவிடச் சொன்னார் மாமி. அம்மா சம்மதிக்கவில்லை. அயலவர்கள் சேர்ந்து மூடியைத் தூக்கிக்கொண்டு வந்து கிணற்றின் மேல் வைத்தார்கள். அளவு அச்சொட்டாக இருந்தது.

ஐயா கந்தோருக்குப் போகவில்லை. முகம் வழிக்கவில்லை. கொட்டிலுக்குள் போய் ஒன்றையும் தொடாமல் இருப்பார். இடைக்கிடை எழுந்து கிணற்றடிக்குப் போய், மூடியின் கதவைத் திறந்து, குனிந்து உள்ளே பார்த்தபடி நெடுநேரம் நிற்பார். பலகை வளைந்துவிட்டதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். அவருடைய வேலையில் அவருக்கு அப்படியொரு கவனம் இருப்பது எனக்குத் தெரியும். அம்மா குசினி வாசலில் நின்று, அகப்பையைக் கையில் பிடித்தபடி, அவரையே பார்த்துக்கொண்டிருப்பார். சோறு அடிப்பிடித்து மணக்கும்.

ஒரு காலை அம்மா கொட்டிலுக்குப் போனார். அதற்கு முன் அவர் அங்கே சும்மாகூடப் போனதில்லை. சுவரில் இருந்த வாளை எடுத்து ஐயாவின் கையில் வைத்தார்.

"சாமான் வைக்கக் குசினிக்கு ஒரு பலகைத் தட்டு வேணும். இண்டைக்கே வேணும்."

ஐயா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து பலகை தேடினார். தட்டு முடிய, கோழிக்கூடு. கோழிக்கூடு முடிய, குசினியில் குந்தியிருக்க ஒரு வாங்கு. ஐயா திரும்பக் கந்தோருக்குப் போகத் தொடங்கிய பிறகும் அது நிற்கவில்லை. வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் அம்மா ஒரு வேலையோடு நிற்பார். முன்பெல்லாம் ஐயா செய்ததைத் திரும்பியும் பார்க்காத அம்மா, இப்போது ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், குறை கண்டுபிடித்தார். "சரிஞ்சு நிக்குது. கழட்டித் திருப்பிச் செய்யுங்கோ." ஐயா கழற்றுவார். ஒரு நாளும் நல்லாயிருக்கிறது என்று அம்மா சொல்லி நான் கேட்கவில்லை.

குருநகர் மாமா போயாவுக்கு மட்டும் வருவதை விட்டு, கந்தோர் முடிந்து தினமும் ஐயாவோடு சேர்ந்தே சைக்கிள் மிதித்து வந்தார். குருநகருக்கும் கொக்குவிலுக்கும் இடையில் அவ்வளவு தூரம். போகும்போது அம்மா படலை வரை போவார். இரண்டு பேரும் தணிந்த குரலில் ஏதோ கதைப்பார்கள். "நாளைக்கும் வருவியள்தானே அண்ணை?" என்று அம்மா கேட்பது மட்டும் எனக்குக் கேட்டது. நாளைக்கும் ஐயாவிடம் வேலை வாங்கத் திட்டம் போடுகிறார்கள் என்று நினைத்தேன்.

ஒரு நாள் மாமி வந்தார். ஐயா மெலிந்து, விரல்களில் காயத்தோடு, வாங்கை மூன்றாம் தரமாகச் சீவிக்கொண்டு நின்றதைப் பார்த்தார். நேரே குசினிக்குள் வந்தார்.

"உனக்கு நெஞ்சு எண்டு ஒண்டு இருக்கே? பிள்ளையைப் பறிகுடுத்தவனை ஒரு நாள் ஆறியிருக்க விடமாட்டியே? நீ என்ரை தம்பியைக் கொல்லப் போறாய்."

"அவருக்கு வேலை கிடக்கு மச்சாள்" என்றார் அம்மா.

நான் மாமியின் பக்கம். அம்மாவை அவ்வளவு வெறுத்தேன். பள்ளிக்கூடத்தால் வந்தால் அம்மாவோடு கதைக்காமல் கொட்டிலுக்குப் போய் ஐயாவின் காலடியில் இருப்பேன். அவர் என்னைக் கண்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டார். அம்மாதான் அவரை இப்படி ஆக்கிவிட்டார் என்று எனக்கு அடித்துச் சொல்லத் தெரிந்திருந்தது.

கடைசியாக அம்மா கேட்டது, கிணற்று மூடிக்கு ஒரு பூட்டு. கடையில் தானே போய் வாங்கி வந்திருந்தார். கொண்டியை ஐயா பொருத்த வேண்டும். மூடி கிணற்றுக்கு வந்த பிறகு அதில் ஐயா கைவைத்து வேலை செய்தது அன்றுதான். அம்மா பக்கத்திலேயே நின்றார். குருநகர் மாமா கொஞ்சம் தள்ளி நின்று வேறு எங்கோ பார்த்தார். ஐயா திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினார். "இன்னும் இறுக்குங்கோ" என்றார் அம்மா. ஐயா இறுக்கினார். அவர் ஒருவிதத்திலும் தயங்கவில்லை. முடிந்ததும் அம்மா பூட்டிப் பார்த்துவிட்டு, திறப்பைத் தன் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஒரு வாளி தண்ணீருக்கும் அம்மாவைக் கேட்க வேண்டும். ஐயாவும் கேட்க வேண்டும். காலையில் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு குசினி வாசலில் வந்து நிற்பார். அம்மா அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டுப் போய், திறந்து, தானே தண்ணீர் அள்ளிக் கொடுத்து, அவர் குளித்து முடிக்கும்வரை கிணற்றுக்கும் அவருக்கும் நடுவில் நிற்பார். பிறகு பூட்டிவிட்டு, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவார். மதிலுக்கு அந்தப் பக்கம் அயல் வீட்டார் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசும். உன்னால்தான் பிள்ளை போனான் என்று அம்மா தினமும் அவருக்குச் சொல்லிக் காட்டுகிறார் என்றே நம்பினேன்.

பொறுக்க முடியாமல் ஒரு பின்னேரம் கேட்டுவிட்டேன்.

"தம்பிதான் இல்லையே அம்மா. இனி ஆருக்குப் பூட்டு?"

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அடி விழும் என்று நான் ஒதுங்கி நின்றேன். அடிக்கவில்லை. "கொட்டிலுக்கை ஐயா என்ன செய்யிறார் எண்டு பாத்துக்கொண்டு வா" என்றார். சீவுளிச் சத்தம் குசினிக்கே கேட்டுக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு என்ன காது அடைத்துவிட்டதா என்று முணுமுணுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

"சீவுறார்."

"கண்ணாலை கண்டனியே?"

"ஓம்."

அதற்குப் பிறகுதான் அடுத்த வெங்காயத்தை எடுத்தார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அம்மா கதையை மாற்றிவிட்டார் என்று நான் கோபத்தோடு திரும்பிப் போனேன். அந்தப் பூட்டு யாருக்கு என்று அம்மாவுக்குத் தெரியும், குருநகர் மாமாவுக்குத் தெரியும், தன் கையாலேயே அதைப் பொருத்தி இறுக்கிய ஐயாவுக்கும் தெரியும். எங்கள் வளவுக்குள் எனக்கு மட்டும்தான் தெரியாது.