பிரின்சஸ் கட் என்றால் என்ன?

ஆரணியில் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்த புதிதில் எனக்குத் தெரிந்தது ஒரே மாதிரி ஜாக்கெட்தான். அளவுக்குப் பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்து, "இதே மாதிரி தச்சிடுங்க" என்பார்கள். கழுத்து கொஞ்சம் இறக்கம், கை கொஞ்சம் நீளம், அதற்குமேல் பேச்சு கிடையாது. கல்யாணத்துக்கு முன் கலசப்பாக்கத்தில் நான் கற்றுக்கொண்டதும் அதுவே.

அப்போதுதான் இரண்டு தெரு தள்ளியிருந்து ஒரு பெண் வந்தாள். பட்டு நெசவுக் குடும்பம். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, முகூர்த்தப் புடவையை அவள் அப்பாவே வீட்டுத் தறியில் நெய்திருந்தார். அரக்கு நிறம், பச்சைக் கரை. ஜாக்கெட்டுக்கான துணியும் புடவையோடு சேர்த்தே நெய்தது.

"அக்கா, இதுல எனக்கு பிரின்சஸ் கட் வேணும்" என்றாள்.

"அப்டீன்னா?"

அவள் விழித்தாள். "உங்களுக்குத் தெரியும்னு வந்தேன். மெட்ராஸ்ல இருக்கற என் ஃப்ரெண்டு, அதான் உனக்கு நல்லாருக்கும்னு சொல்லிகினே இருக்கா."

"கழுத்த சொல்றாங்களா, கையவா?"

"தெரியலக்கா. அவளையே கேட்டேன். அதெல்லாம் டெய்லருக்குத் தெரியும்ன்றா."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் ஃபோனிலேயே தேடினோம். படம் படமாக வந்தது. ஒன்றில் முந்தானை மறைத்திருந்தது, ஒன்றில் முதுகுதான் தெரிந்தது, இன்னொன்றில் ஜரிகை வேலைக்கு நடுவே தையல் எங்கே போகிறதென்றே தெரியவில்லை. படங்களின் கீழே வேறு பேர்களும் இருந்தன. போட் நெக் என்று போட்டிருந்த கழுத்தை நான் நன்றாகப் பார்த்தேன். தோளிலிருந்து தோளுக்கு லேசாக வளைந்து போனது. "பக்கவாட்டுல பாத்தா படகு அடி மாதிரி இருக்குது இல்ல?" என்றேன். அவளும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ஆமாக்கா, அதான் போலக்குது" என்றாள். ஒரு பேருக்குக் காரணம் தெரிந்ததில் எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். பிரின்சஸ் மட்டும் பிடிபடவில்லை. ஒரே ஒரு துண்டு பட்டு. தெரியாமல் அதில் கத்திரி வைக்க முடியாது.

"கடையில போய் பாத்துடலாமா?" என்று அவள்தான் கேட்டாள்.

மறுநாள் பஜாரில் ஒரு ஜவுளிக் கடைக்குப் போனோம். வாசலில் நின்ற பொம்மைக்கு ரெடிமேட் ஜாக்கெட் மாட்டியிருந்தார்கள். நான் அதன் தோளைத் தடவ, அவள் அக்குள் பக்கம் குனிந்து பார்க்க, விற்பனைப் பெண் ஓடி வந்தாள்.

"இன்னா வேணும்ங்க?"

"இது பிரின்சஸ் கட்டா?"

"ஆமாங்க. எந்த சைஸ்?"

"வாங்கறதுக்கு இல்ல. எதை வச்சு அப்படி சொல்றீங்கன்னு பாக்க வந்தோம்."

அவள் எங்களை ஒரு மாதிரி பார்த்தாள். "பாக்ஸ் மேல போட்டுகினு வருது, நாங்க சொல்றோம்" என்றாள். பிறகு அவளுக்கே ஆர்வம் வந்திருக்க வேண்டும். உள்ளே போய் வேறொன்றை எடுத்து வந்து, உட்புறத்தைத் திருப்பி மேஜைமேல் விரித்தாள்.

மூன்று பேரும் குனிந்தோம். நான் தைக்கும் ஜாக்கெட்டில் மார்புப் பக்கம் துணியை அங்கங்கே மடித்துப் பிடித்துத் தைப்போம். அதை டாட் என்போம். இதில் டாட்டே இல்லை. அக்குள் வளைவில் புறப்பட்ட ஒரு தையல், மார்பின் மேலாக வளைந்து இடுப்புவரை இறங்கியது. முன்பக்கத்தைத் துண்டுகளாக வெட்டி, அந்த வளைவிலேயே உடம்பின் வடிவத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். "அட, இவ்ளோதானா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

இவ்வளவுதான் இல்லை என்பது வெட்டும்போது தெரிந்தது. பேப்பரில் வெட்டிப் பார்த்து, காடாத் துணியில் தைத்து அவளுக்குப் போட்டுப் பார்த்தேன். முதலில் தைத்தது மார்பில் புடைத்துக்கொண்டு நின்றது. அடுத்தது இடுப்பில் இறுக்கியது. ஒருவழியாக வடிவம் அமைந்த பிறகே பட்டில் கை வைத்தேன்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு அவள் அம்மா ஆள் அனுப்பினார். போனால், மாமியாராகப் போகிறவர் புடவை பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார். மடியில் நான் தைத்த ஜாக்கெட்.

"துணி பத்தலீங்களா?" என்று என்னைக் கேட்டார். "நல்ல பட்டுல போய் ஒட்டு போட்டு தச்சிகிறீங்களே."

பெண்ணின் அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. தறி வீட்டில் துணி பற்றவில்லை என்றால் எப்படி இருக்கும்! நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். மாமியார் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினார். தையல்மேல் விரலை ஓட்டினார்.

"எங்கியும் ஒரு சுருக்கம் இல்லியே. இதுக்கு இன்னா பேரு?"

"பிரின்சஸ் கட், அத்தே."

"எனக்கு வாயில நுழையல. நல்லாகீது, போட்டுக்கோ."

கல்யாணம் முடிந்த பிறகு அந்த மாமியாரின் தெருவிலிருந்து பெண்கள் வர ஆரம்பித்தார்கள். "ஒட்டு ஜாக்கெட் தைக்கறது நீங்கதானே?" என்றே எல்லோரும் கேட்டார்கள். ஒன்றிரண்டு பேரிடம் சரியான பேரைச் சொல்லிப் பார்த்தேன். அடுத்த முறையும் ஒட்டு ஜாக்கெட் என்றுதான் வந்தார்கள். நானும் விட்டுவிட்டேன்.

போன மாதம் ஒருவர் கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிய துண்டோடு வந்தார். "துணி கம்மியா கீது. அதான் ஒட்டு ஜாக்கெட்டா தச்சிடுங்க" என்றார். "அதுக்கு இன்னும் அதிகமா துணி வேணும்மா" என்று சொன்னால் நம்பவில்லை. கடைசியில் அவர் துணியை முன்புறம் நடுவில் வைத்து, பக்கங்களுக்கும் முதுகுக்கும் கைக்கும் வேறு நிறப் பட்டு வைத்துத் தைத்துக் கொடுத்தேன். கண்ணாடிமுன் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார். அதற்கும் ஏதாவது பேர் இருக்கும். இனிமேல்தான் விசாரிக்க வேண்டும்.