வெட்டாத பக்கங்கள்

ராமையாவை வாசகசாலையிலிருந்து வெளியேற்றியவர் செயலாளர் என்றுதான் இலங்கை மலையகத்து ஹட்டனில் பலரும் நினைத்திருந்தார்கள். உண்மையில் அவரை வெளியேற்றியது என் பொய்.

ஐம்பதுகளில் அங்கே நான் லைப்ரரி கிளார்க். கண்ணாடி அலமாரியில் ‘ரெபரன்ஸ்’ புத்தகங்கள் இருந்தன: தத்துவம், அகராதி, வரலாறு, விளையாட்டு. அவற்றை வீட்டுக்குக் கொடுப்பதில்லை. சீமையிலிருந்து வந்த சில தொகுதிகளில் தாள்கள் மடித்தபடியே தைக்கப்பட்டிருக்கும். மடிப்பை வெட்டினால்தான் உள்பக்கம் தெரியும். வெட்டி அடுக்குவது என் வேலை. யார் வாசிக்கப்போகிறார்கள் என்று அப்படியே அடுக்கிவிட்டேன்.

ராமையா வாசித்தார். டிக்கோயாப் பக்கத் தோட்டமொன்றில் தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிறவர். தோட்டங்களுக்கிடையிலான கால்பந்துப் போட்டிக்கு அந்த முறை அவர்தான் ரெப்ரி. ஞாயிற்றுக்கிழமைகளில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளையாட்டுத் தொகுதியில் விதிகளைப் படிப்பார்.

ஒரு நாள் புத்தகத்தோடு என்னிடம் வந்தார்.

“ஐயா, ஆப்சைடு பத்தி எழுதியிருக்கிற எடம் மூடிக்கிட்டு இருக்குங்க.”

நான் தலை நிமிரவில்லை. “சாணை புடிச்ச கத்தி பையில வச்சிருக்கியே, நீயே வெட்டிக்க.”

“நெசமாவாங்க? தேயிலைன்னு நெனச்சு அடியோட எறக்கிட்டேன்னா?”

“போய்யா, வெட்டிட்டுப் படி.”

மேசையில் வைத்து நிதானமாக வெட்டினார். அந்த நேரம் பார்த்துச் செயலாளர் கமிட்டிக்காரர்களோடு உள்ளே வந்தார்.

“புத்தகத்துலயா கவ்வாத்து வெட்டுற? தோட்டத்து ஆளுக்கு மெம்பர் டிக்கட் குடுக்காதீங்கன்னு அப்பவே சொன்னேன்!”

“கிளார்க் ஐயாதான் வெட்டச் சொன்னாங்க.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“நான் சொல்லல சார்” என்றேன்.

ராமையாவின் டிக்கட் பறிபோனது. புத்தகத்தை நாசமாக்கியவன் என்ற பேச்சு மைதானம்வரை போய், போட்டியில் அவருக்குப் பதிலாகத் தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கு விசில் ஊதினார்.

சில வாரங்கள் கழித்து, மனசு கேட்காமல் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போய் ராமையாவிடம் மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி கொடுத்துவிட்டு அவர் சொன்னார்:

“இங்க வந்து சொல்றீங்க. லயத்துல நான் எப்படிப்பட்டவன்னு எல்லாத்துக்கும் தெரியும்ங்க. அங்க சொல்லுங்க.”

வாசகசாலையின் அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொன்னேன். செயலாளர் அதன் பிறகு வேலை விஷயம் தவிர என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ராமையாவுக்கு டிக்கட் திரும்பக் கிடைத்தது. விசில் கிடைக்கவில்லை.

அவர் மறுபடி வருவதற்குள் அலமாரியில் இருந்த அத்தனை தொகுதிகளையும் வெட்டி வைத்திருந்தேன். வந்தவர் வரலாற்றுத் தொகுதி ஒன்றைக் கேட்டார்.

“இது வெட்டியாச்சுங்களா?”

“எல்லாத்தையும் வெட்டிட்டேங்க, ராமையா.”

அவர் உட்காரவில்லை. நின்றபடியே முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை புரட்டிப் பார்த்தார். பிறகுதான் நாற்காலியை இழுத்துப்போட்டார். வந்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். என் வாய்ச்சொல்லை அவர் மறுபடி நம்பவில்லை. நானும் நம்பச் சொல்லவில்லை. வேலையில் இருந்த காலம்வரை ஒரு தாளையும் மடிப்போடு அலமாரியில் வைக்கவில்லை.